பண்ணைப் பீரை ருசிக்கும் முறை

பீர் காய்ச்சும் கூடமும் அதைப் பரிமாறும் சாலையும் ஒரே கூரையின் கீழ் அமைந்திருக்கும் இடத்துக்கு ப்ரூபப் என்று பெயர். அங்கே முதன்முதலாகப் போகிறவர், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பளபளக்கும் எஃகு அண்டாக்களையும், கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருக்கும் பத்துப் பன்னிரண்டு பெயர்களையும் பார்த்துத் திகைத்து, கடைசியில் ஏதோ ஒரு பெயரை விரலால் சுட்டிக்காட்டி, வந்ததைக் குடித்துவிட்டு, "கசக்கிறது" என்ற ஒரே அபிப்பிராயத்தோடு எழுந்து வருவது வழக்கம். சாதாரண லாகர் பீருக்கு அந்த ஒரு வார்த்தை ஓரளவு போதும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் பீருக்கு அது போதவே போதாது.

பெல்ஜியத்தின் தென்பாதியான வலோனியாவில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி, ஏனோ என்றொரு மாகாணம் இருக்கிறது. எழுதுவது வேறு விதமாக இருந்தாலும் உச்சரிப்பது ஏனோ என்றுதான். நம் காதுக்கு அது ஊர்ப்பெயராகப் படாமல் ஒரு பெருமூச்சாகப் படுவதற்கு அந்த ஊர்க்காரர்கள் பொறுப்பல்லர். அந்த மாகாணத்துப் பண்ணைகளில் பிறந்த பீர் சேஸோன் எனப்படும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூ, சாதாரண சேஸோனைவிடச் சற்றுத் தாராளமாகச் சேர்ந்த வகையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் புதிதாக வருகிறவரைப் பெரும்பாலும் மிரட்டி அனுப்புவது அதுதான்.

சேஸோன் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பருவம் என்பது பொருள். குளிர்சாதன யந்திரம் வருவதற்கு முன்பு, கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப் புளித்துப்போகும் என்பதை அநுபவத்தால் அறிந்திருந்த அந்தப் பிரதேசத்துக் குடியானவர்கள், வயலில் வேலை ஓய்ந்து ஆட்கள் சும்மா இருக்கும் குளிர்காலத்தில் பீரைக் காய்ச்சிப் பிப்பாய்களில் அடைத்துவைத்து, வெயில் காலம் வந்ததும் வயல் வேலைக்கு வந்த கூலியாட்களுக்கு அதையே தாகத்துக்குக் கொடுத்தார்கள் என்றும், காய்ச்சியபின் எஞ்சிய தானியச் சக்கை மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று என்றும் சொல்வது மரபு. இந்தக் கதையில் பிற்காலத்தவரின் கற்பனை எவ்வளவு கலந்திருக்கிறது என்று சரித்திரக்காரர்கள் தர்க்கம் செய்துகொண்டிருக்கிறார்கள். ருசிக்க வந்த நமக்கு அதிலிருந்து வேண்டியவை இரண்டுதான். ஒன்று, இது தாகம் தீர்க்க ஏற்பட்ட பானம். ஆகையால் தித்திப்பும் கொழகொழப்பும் இதற்கு ஆகா. மற்றொன்று, பல மாதம் கெடாமல் இருக்க வேண்டியிருந்தமையால், பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை அடக்கும் சக்தி படைத்த ஹாப் இதற்கு அவசியமாக இருந்தது. ஹாப் தூக்கலான சேஸோனைக் கண்டு புதுமோகக்காரர்களின் சேஷ்டை என்று முகம் சுளிக்கிற பழமைவாதிகள் இந்த இரண்டாவது விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். ஊறுகாயில் உப்பைப் போல, ருசிக்கு முன்னால் காப்புக்காக உள்ளே நுழைந்த கசப்பு அது.

இன்றைக்கு இந்த வகைக்கு உரைகல்லாகக் கருதப்படுவது, ஏனோ மாகாணத்தில் தூர்ப் என்ற சிற்றூரில் இருக்கும் தூப்போன் பீர்ச்சாலையின் சேஸோன். கனடாவுக்குப் போய் விவசாயம் செய்யப்போகிறேன் என்று புறப்பட்ட மகன் லூயியை ஊரிலேயே நிறுத்திவைப்பதற்காக, ஆல்ஃப்ரெட் தூப்போன் என்பவர் அந்தப் பண்ணையையும் பீர்ச்சாலையையும் 1920-இல் விலைக்கு வாங்கினார். ஒரு தகப்பனாரின் கவலையால் விளைந்த நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 100-க்கு 6.5 பங்கு சாராயச் சத்துள்ள அந்தப் பீர் நெடுங்காலம் சுற்றுவட்டாரத்துக்கு அப்பால் அதிகம் அறியப்படாமலே இருந்தது. மைக்கேல் ஜாக்ஸன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் (பாடகர் அல்லர், இவர் தொப்பை வைத்த, நிதானமான மனிதர்) 1977-இல் உலகப் பீர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதி, பின்னர் பெல்ஜியத்துக்கென்றே தனியாக ஒரு நூலும் எழுதிய பிறகுதான், இத்தகைய பீர்களை வெளிநாட்டார் தேடிப் போகலானார்கள். அமெரிக்கர்கள் தேடிப் போனதோடு நிற்காமல், தங்கள் ஊர் ஹாப்பைப் போட்டுத் தாங்களே காய்ச்சவும் ஆரம்பித்தார்கள். 2016-இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாடு யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது.

ருசிக்க உட்காருவதற்கு முன்பு, குவளைக்குள் இருக்கும் இரண்டு எஜமானர்களையும் அறிந்துகொள்வது நலம். முதல் எஜமானர் ஈஸ்ட். லாகர் ஈஸ்ட் 10 டிகிரி வாக்கில் குளிரில் வேலை செய்வது. எயில் எனப்படும் பீர்வகையின் சாதாரண ஈஸ்ட் 20 டிகிரி வாக்கில் திருப்தியடைவது. சேஸோன் ஈஸ்ட்டோ 30 டிகிரியையும் தாண்டி, சென்னையில் சித்திரை மாதத்து உள்ளறை வெப்பத்தில் உற்சாகமாக வேலை செய்யக்கூடியது. அந்தச் சூட்டில் அது மிளகையும் கிராம்பையும் ஒத்த ஒரு காரமணத்தையும், ஆரஞ்சுத் தோல், பேரிக்காய் முதலிய பழமணங்களையும் உண்டாக்குகிறது. பீரில் மிளகு போட்டிருக்கிறார்களா என்று கேட்பவர்கள் பலர்; பெரும்பாலும் ஒரு மிளகுகூடப் போட்டிருக்கமாட்டார்கள், எல்லாம் ஈஸ்ட்டின் கைவேலை. மற்ற ஈஸ்ட்டுகள் தின்னமுடியாமல் விட்டுவைக்கும் மாவுச்சர்க்கரையையும் உடைத்துத் தின்னும் சக்தி இவ்வகை ஈஸ்ட்டுகளில் பலவற்றுக்கு உண்டு. ஆகவே பீரில் இனிப்பு ஏறக்குறைய எஞ்சுவதே இல்லை. இந்த வறட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கசப்பைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் வருவோம்.

இரண்டாவது எஜமானர் ஹாப். கம்பிகளில் 5, 6 மீட்டர் உயரம் படர்ந்தேறும் கொடியின் பெண்பூக்கொத்து அது. பச்சை நிறத்தில், செதில் செதிலாக, சிறிய தாழம்பூ மொட்டைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியதுபோல் இருக்கும். பிய்த்துப் பார்த்தால் செதில்களின் அடியில் மஞ்சள்பொடி போன்ற ஒரு பிசின்பொடி விரலில் ஒட்டும். கசப்பும் மணமும் குடியிருப்பது அதில்தான். பெல்ஜியத்தில் இதன் தாயகம் மேற்கு ஃப்ளாண்டர்ஸில் உள்ள போப்பரிங்கே என்ற ஊர். அங்கே ஹாப்புக்கென்று ஓர் அருங்காட்சிச்சாலையும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு திருவிழாவும் உண்டு. ஹாப்பைக் கொதியில் நெடுநேரம் போட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியோடு போய்விடும். கொதி முடியும் தறுவாயிலோ, பீர் ஆறி நொதித்த பிறகோ போட்டால் மணம் தங்கும், கசப்பு அதிகம் ஏறாது. ரசத்தை இறக்கிவைத்த பிறகு கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுகிற தாய்மாருக்கு இந்தச் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை. தூப்போன் சாலையாரேகூட, தங்கள் சேஸோனில் இப்படி ஹாப்பை ஊறவைத்த தனி வகை ஒன்றை வெளியிடுகிறார்கள். நியூயார்க் புரூக்லினில் ஒரு சாலையார், ஜப்பானில் சப்போரோ நிறுவனம் 1984-இல் உருவாக்கிய ஸோராச்சி ஏஸ் என்ற ஹாப்பை மட்டுமே போட்டு ஒரு பண்ணைப் பீர் செய்கிறார்கள். அதன் மணம் எலுமிச்சைப்புல்லைக் கசக்கி முகர்ந்தாற்போல் இருக்கும்.

ஹாப் தூக்கலான சேஸோனின் தரத்தை நிர்ணயிப்பது இந்த இரண்டு எஜமானர்களும் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்பதுதான். ஹாப்பின் மணம் முதலில் பேசலாம், உரக்கவும் பேசலாம்; ஆனால் ஈஸ்ட்டின் வாயை அது அடைத்துவிடக் கூடாது. அது அடைத்திருக்கிறதா இல்லையா என்பதை முதல் மிடற்றில் எவராலும் சொல்ல முடியாது என்பதே என் சித்தாந்தம். இனிச் சொல்லப்போகும் முறையெல்லாம் அந்த அவசரத் தீர்ப்பைத் தள்ளிப்போடுவதற்கான உபாயங்கள்.

போகும் வேளையைப் பிற்பகலாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு, பரிமாறுபவருக்கு உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல அவகாசம் இராது. பக்கத்து மேஜைப் பொரியலின் எண்ணெய் மணம் உங்கள் மூக்குக்கு அவகாசம் கொடாது. காப்பி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அத்தர், சென்ட் வேண்டாம். வெற்றிலை பாக்குப் போட்டுக்கொண்டு போகவே கூடாது. நான் ஒருமுறை கல்யாண விருந்து முடிந்து அப்படியே போய், ஓர் அருமையான பீரைத் துவர்ப்பு அதிகம் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்து, மறுவாரம் போய்க் குடித்துப் பார்த்த பிறகு வெட்கத்தோடு அந்த வரியை அடித்தேன்.

பலகையைப் பார்த்து ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்தப் பிப்பாய் எப்போது திறந்தது? பீர் காய்ச்சி எத்தனை வாரம் ஆயிற்று? ஹாப் மணம் காப்பிப்பொடியின் மணத்தைப் போன்றது. நாளுக்கு நாள் குன்றும். சாதாரண சேஸோன் புட்டியில் ஓரிரண்டு ஆண்டு இருந்து அழகாக முதிரும்; ஹாப் மணத்தையே நம்பியிருப்பதை இரண்டு மூன்று மாதத்துக்குள் குடித்துவிடுவது உத்தமம். பலகையில் சில இடங்களில் கசப்பின் அளவும் எண்ணாக எழுதியிருக்கும். ஒரு லிட்டர் பீரில் ஒரு மில்லிகிராம் கசப்புப் பொருள் இருந்தால் ஓர் அலகு என்று ஏறத்தாழக் கொள்ளலாம். வழக்கமான சேஸோன் 20-க்கும் 35-க்கும் இடையில் நிற்கும். ஹாப் தூக்கலானவை அதைத் தாண்டும். இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கசப்பைக் கணிப்பது, மிளகாயின் எடையை வைத்துக்கொண்டு குழம்பின் காரத்தைக் கணிப்பது போன்றது. தித்திப்பு மிஞ்சிய ஒரு பீரில் 35 அலகு வெல்லப்பாகில் ஊறிய இஞ்சியைப் போல ஒளிந்துகொள்ளும்; தித்திப்பே இல்லாத சேஸோனில் அதே 35 அலகு மறைவதற்கு ஓர் இடமுமின்றி நடுக்கூடத்தில் நிற்கும். புதிதாக வந்தவர் மிரளுவதற்குக் காரணம் ஹாப்பின் மிகுதியைவிட இனிப்பின் இன்மையே.

குவளை துலிப் மலரைப் போல அடி பருத்து, கழுத்துச் சிறுத்து, விளிம்பு சற்று விரிந்ததாக இருந்தால் நல்லது. அதில் மணம் தங்கும். 25 சென்டிலிட்டர் கேளுங்கள், போதும். வந்ததும் குடிக்காதீர்கள். நுரையையும் குவளையின் உட்சுவரையும் பாருங்கள். சேஸோனில் வாயு மிகுதி. ஆகையால் நுரை பொங்கி, வெண்மையாக, மேடும் பள்ளமுமாக, சீக்கிரம் அடங்காமல் நிற்க வேண்டும். உட்சுவரில் குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால், கழுவியவர் எண்ணெய்ப் பிசுக்கையோ சோப்பையோ முழுக்க அலசவில்லை என்று அர்த்தம். ஒரு நகரத்தில், பெயர் வேண்டாம், என் குவளையின் நுரை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் திரிந்தாற்போல் உடைந்து, அரை நிமிஷத்தில் தேநீரைப் போலத் தட்டையாகிவிட்டது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தபோது உதட்டுச் சாயத்தின் பிறைக்கோடு ஒன்று தெரிந்தது. கூச்சப்படாமல் வேறு குவளை கேட்க வேண்டும். நான் அன்று கூச்சப்பட்டேன். பீரின் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்தேன்.

நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து இளம் ஆரஞ்சு வரை எதுவாகவும் இருக்கலாம். லேசான கலங்கல் குற்றமன்று. இதற்கு மேல் கண்ணுக்கு இங்கே வேலை இல்லை.

மூக்குக்குத்தான் வேலை அதிகம். ஆனால் பல இடங்களில் பீரை 3, 4 டிகிரிக் குளிரில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் குளிரில் மணம் எழும்பாது. 7 முதல் 12 டிகிரிவரை இதற்கு உகந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் குவளையைப் பொத்திக்கொண்டு சில நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். பிறகு குவளையை ஒரு சுற்றுச் சுழற்றி, மூக்கை விளிம்புக்குள் கொண்டுபோய், பூக்கடையில் பூவை முகர்வதுபோல் நீளமாக இழுக்காமல், சிறு சிறு மோப்பமாக மூன்று நான்கு தடவை முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் பழகி மரத்துவிடும். முதலில் வருவது ஹாப்: எலுமிச்சைத் தோல், அறுத்த புல், சில ஹாப்புகளில் மாங்காய்ப் பால், சிலவற்றில் ரோஜா. மாங்காய் என்றது வெறும் உவமையன்று. ஹாப் எண்ணெயில் மிகுந்திருக்கும் மிர்சீன் என்ற பொருள் மாம்பழத்திலும் உண்டு. காரியோஃபிலீன் என்ற மற்றொன்று மிளகிலும் கிராம்பிலும் உண்டு. லினலூல் என்ற வேறொன்று கொத்தமல்லி விதையில் உண்டு. ஐரோப்பிய நூல்களில் கூஸ்பெரி, எல்டர்ஃப்ளவர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, நாம் முகர்ந்தறியாத பொருளின் பெயரை நம் குறிப்பேட்டில் எழுதுவது பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமம். தனியாவை வறுத்த வாசனை என்று தோன்றினால் அப்படியே எழுதுங்கள். ரசாயனமும் உங்கள் பக்கம்தான் இருக்கும்.

அடுத்து, குவளையின் வாயை உள்ளங்கையால் மூடி ஒரு நிமிஷம் வைத்து, கையை எடுத்தவுடன் முகருங்கள். மேலே மிதந்த ஹாப் மணத்தின் அடியில், வெண்மிளகு, கிராம்பு, உலர்ந்த வைக்கோல், பேரிக்காய் என்று ஈஸ்ட்டின் மணம் தென்படுகிறதா என்று தேடுங்கள். தென்பட்டால் நல்ல சகுனம். தென்படாவிட்டால் கவலை வேண்டாம். பீர் இன்னும் குளிர்ந்திருக்கிறது.

இப்போது குடிக்கலாம். முதல் மிடற்றை வாயை நனைப்பதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். அதைப் பற்றி யோசிக்கக்கூட வேண்டாம். வாயுவின் குத்தலும் குளிரும் சேர்ந்து வேறு எதையும் அறியவொட்டா. இரண்டாம் மிடற்றை நாக்கின் மேல் பரவவிட்டு, இரண்டு விநாடி நிறுத்தி, விழுங்கி, வாயை மூடிக்கொண்டு மூச்சை மூக்கு வழியாக மெதுவாக விடுங்கள். தொண்டைவழியே மூக்குக்கு ஏறும் அந்த மூச்சில்தான் ருசியின் பெரும்பகுதி இருக்கிறது. திராட்சை மது ருசிப்பவர்கள் வாயில் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். பீருக்கு அது சரிப்படாது. ஹாப்பின் கசப்பு மெதுவாக ஏறுவது, விழுங்கிய பிறகே அது முழு உருவத்தைக் காட்டுவது. நாக்கின் நுனியில் தித்திப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிக்கூடத்தில் நாம் வரைந்த நாக்குப் படத்தை மறந்துவிடுங்கள். 1901-இல் ஒரு ஜெர்மானியர் செய்த ஆராய்ச்சியைப் பின்னால் வந்தவர்கள் தப்பாகப் படம் போட்டுவிட்டதால் வந்த வினை அது. கசப்பு நாவெங்கும் தெரியும்.

விழுங்கிய பிறகு குவளையைக் கீழே வைத்துவிட்டு அரை நிமிஷம் சும்மா இருங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்த அரை நிமிஷத்தை வைத்துக்கொள்ளலாம். கசப்பு எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். நல்ல பீரில் அது வேப்பம்பூ ரசத்தின் கசப்பைப் போலத் துப்புரவாக இறங்கி, வாயில் நீர் ஊறவைத்து, பின்னால் மிளகின் சுணையை விட்டுச் செல்லும். மோசமான பீரில் அது இறங்காமல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, நாக்கைச் சுரண்டும். அப்படிச் சுரண்டுவதைக் கசப்பு என்று சொல்லாதீர்கள், அது துவர்ப்பு. மோரில் போடாமல் சமைத்த வாழைப்பூவையும் பாகற்காயையும் ஒரே வார்த்தையால் குறிக்க நம் வீட்டில் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். ஊறவைத்த ஹாப் அளவுக்கு மீறினால், அல்லது தழைச்சாரம் பீரில் இறங்கிவிட்டால் அந்தத் துவர்ப்பு வரும். அது காய்ச்சியவரின் குற்றம், உங்கள் நாக்கின் குற்றமன்று.

பிரஸ்ஸல்ஸில் ஒரு ப்ரூபப்புக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்நகரத்தில் முப்பது ஆண்டாகக் குடியிருக்கும் ஒரு நண்பரை அழைத்துப் போனேன். பெல்ஜியத்தில் அத்தனை காலம் இருந்தும் லாகரைத் தவிர வேறொன்றையும் அவர் தொட்டதில்லை. முதல் மிடற்றிலேயே குவளையை என் பக்கம் தள்ளிவிட்டு, "என்ன அண்ணை, வேப்பம்பட்டை அவிச்ச தண்ணி மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார். நான் குவளையைத் திருப்பி அவர் பக்கமே தள்ளி, மேஜையில் வந்திருந்த சீஸ் துண்டு ஒன்றைக் கடுகு விழுதில் தொட்டுக் கொடுத்தேன். அந்த ஊரில் கன சதுரமாக வெட்டிய சீஸையும், செலரி உப்பையும், கடுகையும் பீரோடு வைப்பது சம்பிரதாயம். சீஸின் கொழுப்பு நாக்கில் படிந்து கசப்பின் கூர்மையை மழுக்கும். அதற்குள் ஐந்தாறு நிமிஷம் கழிந்து பீரும் சற்றே குளிர் விட்டிருந்தது. மூன்றாம் மிடற்றை விழுங்கியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப பரவாயில்லை அண்ணை. மிளகு மணக்குது" என்றார். நான் மிளகைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அன்று முற்றத்து மேஜையில் உட்கார்ந்ததால் வேறொரு பாடமும் கிடைத்தது. ஜூன் மாதத்து வெயில் நகர்ந்து வந்து என் குவளையின் மேல் விழுந்ததைக் கவனியாமல் பேசிக்கொண்டிருந்துவிட்டு, எடுத்துக் குடித்தபோது, எரிந்த ரப்பரோ மரநாயோ என்று மயங்கும்படியான ஒரு நாற்றம் அடித்தது. நிழலில் இருந்த நண்பரின் குவளையில் அது இல்லை. ஹாப்பின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு பொருளாக மாறுகிறது. மிக நுண்ணிய அளவிலும் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பழுப்புப் புட்டி இதைத் தடுக்கும். பச்சைப் புட்டி அவ்வளவாகத் தடுக்காது. பிப்பாயிலிருந்து நேரே வரும் பீருக்கு இந்தப் பயமே இல்லை, வாங்கியவர் வெயிலில் வைக்காதவரையில். ஆகவே கோடையில் ப்ரூபப்பின் தோட்டத்தில் உட்காருகிறவர் குடையின் நிழலுக்குள் குவளையை வைப்பது, தலையை வைப்பதைவிட முக்கியம்.

மற்றக் குற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உருக்கிய வெண்ணெய் மணம் வந்தால் பீர் அவசரப்பட்டு இறக்கப்பட்டது, அல்லது குழாய் சுத்தமில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. நகப்பூச்சைக் கழுவும் திரவத்தின் நெடி வந்தால், சூட்டில் ஈஸ்ட் கட்டுமீறிவிட்டது. சேஸோனில் இது அடிக்கடி நேர்வது, ஏனென்றால் 30 டிகிரியில் ஓடவிடுவது எளிது, கடிவாளத்தைப் பிடிப்பதுதான் கடினம். புளிப்பு மெல்லியதாக இருந்தால் பண்ணைப் பீருக்கு அது பொருந்தும். முகம் சுருங்கும் அளவுக்கு இருந்தால், அது வேண்டுமென்றே செய்ததா என்று பரிமாறுபவரைக் கேட்டுவிடுவது நல்லது.

ஒரே அமர்வில் பல வகை ருசிப்பதாக இருந்தால், சேஸோனை முதலிலோ இரண்டாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள், ஹாப்பே ஓங்கி நிற்கும் அமெரிக்க ஐ.பி.ஏ. பீரைக் குடித்த நாக்குக்குச் சேஸோனின் மிளகு கேட்காது. கார மசாலா உணவு இதனோடு சேர்ந்தால் கசப்பும் காரமும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு வாயை ரணகளமாக்கும். வேகவைத்த சிப்பி, வறுத்த கோழி, பாலாடைக்கட்டி தடவி முள்ளங்கி அடுக்கிய ரொட்டி ஆகியவை பிரஸ்ஸல்ஸ்காரர்கள் கண்ட வழி. இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். 6.5 பங்கு என்பது சாதாரண லாகரைவிடக் கால்பங்காவது அதிகம். வறட்சியால் அது தெரியாமல் இறங்கும். பெல்ஜியத்தில் வண்டி ஓட்டுகிறவர் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் சட்டத்தின் எல்லை. டிராமில் போங்கள்.

குறிப்பேட்டில் எழுதும் முறைக்கு ஒரு மாதிரி வேண்டுமானால், நண்பரோடு போன அன்று நான் எழுதியதையே தருகிறேன். "நுரை நன்று, குடித்த மட்டங்கள் சுவரில் வளையமாக நிற்கின்றன. முதல் மோப்பம் எலுமிச்சைத் தோல், பிறகு ஈர வைக்கோல். குளிரில் கசப்பு மட்டும். ஐந்தாம் நிமிஷம் வெண்மிளகு. கசப்பு ஏறி இறங்க இருபது விநாடி. துவர்ப்பு இல்லை. வெயிலில் வைத்துக் கெடுத்தது நான்." பீர் நல்லது, கெட்டது என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. அதை எழுதுவதற்குக் குவளையின் அடியில் ஒரு விரற்கடை பீரை மிச்சம் வைத்திருக்க வேண்டும். கையின் சூட்டில் அது 15 டிகிரிக்கு மேல் ஏறி, வாயுவெல்லாம் அடங்கி, ஹாப்பின் மேல்மணம் பறந்துபோன பிறகு, கடைசியாக ஒருமுறை முகர்ந்து பாருங்கள். அப்போது ஈஸ்ட் தனியாக இருக்கும். அது இன்னும் மிளகும் பேரிக்காயுமாகப் பேசினால், ஹாப் எவ்வளவு உரக்கக் கத்தியிருந்தாலும் பீர் சேஸோன்தான். அங்கே ஒன்றுமே மணக்கவில்லையானால், பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் நீங்கள் குடித்தது பெல்ஜியச் சட்டை போட்ட ஒரு ஐ.பி.ஏ. அதை எழுதி முடித்துவிட்டு, பில்லைக் கேட்கலாம்.